கறுப்புப் போத்தல்

பத்தாங் பெர்ஜுந்தையில்,
இரும்புக்கடைக்கும் நாலு நம்பர் கடைக்கும் நடுவில்
என் கடை.
பெயர்ப்பலகையில் ஊரின் புதுப்பெயர்,
கடன்சீட்டில் எல்லோரும் எழுதுவது பழைய பெயர்.

மேசையடியில் ஒரு பெட்டி.
உப்பும் தண்ணீரும் ஊற்றி மின்சாரம் விட்டால்
எட்டு நிமிடம் முணுமுணுத்துவிட்டு
நீச்சல்குள வாசனையில் ஒரு தண்ணீர் தரும்.
ஹைப்போகுளோரஸ் அமிலம்.
சொல்லித்தான் பாருங்களேன்,
வாய் நிறைய வெற்றிலை போட்டது மாதிரி இருக்கும்.

முடிதிருத்தும் குபேந்திரன் கத்திக்கு வாங்குகிறான்.
பாசாரில் ஆ லான் கீரைக் கூடைக்கு.
பரு வந்த பையன்கள் யாரும் பார்க்காத நேரமாய் வந்து
முகத்துக்கு.
தைப்பூசத்துக்கு முந்திய வாரம்
அலகு குத்தும் தேவேந்திரன் ஐந்து போத்தல் எடுப்பார்,
"சாமி காரியம், வெலய கொறச்சுப் போடு" என்று.
வேலுக்கே கிருமி மருந்தா என்று கேட்டால்
சிரிக்கமாட்டார்.

பூங்காவனம் அக்கா மட்டும் போத்தலைத் தொடவில்லை.
செம்பனை லோரி ஓட்டிய கணவரின் கட்டைவிரலை
இனிப்புநீர் தின்றுவிட்டது.
கிளினிக் சீட்டை நீட்டியவர்
நான் அச்சடித்த லேபிளை எழுத்துக்கூட்டினார்:
அ... மி... லம்.
"ஆசிட்டா?"

தோட்டத்தில் அந்தச் சொல்லுக்கு
இரண்டு வேலை இருந்தது.
பால் கொட்டாயில், தொட்டியில் ஊற்றினால்
ரப்பர்ப்பால் தயிராய் இறுகும்.
"எந்தங்கச்சி இந்திராணிக்கு அப்போ பத்தொம்போது."
அதற்குமேல் சொல்லவில்லை.
தன் தொண்டையைத் தொட்டுக்கொண்டார்.

நான் லேபிளைக் கிழித்தேன்.
மார்க்கரால் எழுதினேன்: உப்புத்தண்ணி.
முழுப் பொய் இல்லை, பாதிதான் என்று
எனக்கு நானே சில்லறை கொடுத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு நாள் கழித்துப் பாக்கி வாங்கப் போனேன்.
கதவைத் திறந்ததுமே வாடை.
கறுப்புப் போத்தல் குப்பைக்கூடையில்.
மருந்து, மினரல் தண்ணீர்ப் போத்தலுக்குள்,
ஜன்னல் கட்டையில்,
காலை வெயில் முழுவதையும் வாங்கிக்கொண்டு
பளபளவென்று நின்றது.
"உப்புத்தண்ணிதானே தங்கச்சி,
எதுல வெச்சா என்ன?"

மோந்து பார்த்தேன். நீச்சல்குளம் போய்விட்டிருந்தது.
வெயில் அதை மறுபடி
உப்பும் தண்ணீருமாய் ஆக்கிவிட்டது.
நான் எழுதிய பொய்
எழுதியபடியே உண்மையாகியிருந்தது,
ஒரு மனிதனின் பாதத்தில்.

பையிலிருந்து புதுப் போத்தலை எடுத்தேன்,
லேபிள் கிழியாதது.
சன்னாசி அண்ணன் காலை நீட்டியபடி
டிவியில் பந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இது ஆசிட்தான்."

நீட்டிய கை பாதியில் நின்றது.

"ஒங்க ரத்தத்துலயும் இது உண்டு.
முள்ளு குத்துனா வெள்ளை அணு ஓடிவந்து
அங்கேயே இதக் காய்ச்சும்.
அண்ணன் காலுக்கு ரத்தம் சரியா எட்டல,
அதான் வெளியில இருந்து ஊத்துறோம்.
வெயில் ஆகாது. வினிகரோட, குளோராக்ஸோட
கலக்கவே கூடாது.
நாளைக்கு லீவு போட்டாவது கிளினிக் போயிடணும்."

அக்கா வேறெங்கோ பார்த்தார்.
"அவளுக்குள்ளயும் இருந்துச்சா?"

"இருந்துச்சுக்கா."

அவர் முழங்கையில் தோசைக்கல் சுட்ட தழும்பு,
இன்னும் ஈரமாக.
அதில்தான் முதலில் அடித்துப் பார்த்தார்,
ஒரே ஒரு தடவை.
காத்திருந்தார்.
டிவியில் யாரோ கோலைக் கோட்டைவிட்டார்கள்.

"எரியல," என்றார்,
ஏமாந்துபோனவர் மாதிரி.
பிறகு புருஷன் காலைத் தூக்கித்
தன் மடியில் வைத்துக்கொண்டார்.